யாருக்குக் கொழுப்பு அதிகம்?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் பிரிவு)

"உனக்குக் கொழுப்பு ஏறிப் போச்சுடா!"

இந்த வசனத்தைக் கேட்காமல் பத்தாம் வகுப்பைத் தாண்டிய மாணவன் நம் பாலிடெக்னிக்கில் ஒருவனாவது உண்டா நண்பர்களே? எதிர்த்துப் பேசினால் கொழுப்பு. வேலை சொன்னால் செய்யாவிட்டால் கொழுப்பு. பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கினால் "தின்ன கொழுப்பு". தமிழில் கொழுப்பு என்றால் திமிர். அதாவது தின்று கொழுத்தவனுக்கு, உடம்பு வளையாதவனுக்கு, வசதி படைத்தவனுக்கு வருவது!

இந்த ஒரு சொல் வழக்கு நம் மக்களுக்குச் செய்திருக்கிற கெடுதல் கொஞ்ச நஞ்சமல்ல என்பதே என் கருத்து. எப்படி என்கிறீர்களா? இரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னால், ஒல்லியாக இருப்பவன் சிரிக்கிறான். கூலிக்குப் போகிறவன் நம்ப மாட்டேன் என்கிறான். "அதெல்லாம் மெட்ராஸ்ல ஏ.சி.யில உக்காந்திருக்கறவனுக்கு வர்றது" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்ற வைக்கிறான்.

உண்மை என்ன? நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். அமைப்பும் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 'இண்டியாப்' என்ற பெரிய ஆய்வை நடத்தின. 2008 முதல் 2020 வரை, நகரம் கிராமம் இரண்டிலும், 1,13,043 பேர். அதன் முடிவு 2023ல் வெளிவந்தது. இரத்தக் கொழுப்பில் ஏதாவது ஒரு கோளாறு உள்ளவர்கள் 81.2 சதவீதம்! நூற்றுக்கு எண்பத்தொன்று! இதே ஆய்வின் முதல் கட்டத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நாலு இடங்களில் பார்த்தபோதும் (2014ல் வெளியானது) 79 சதவீதம் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகம் என்பது அப்போது 13.9 சதவீதம்தான். 'நல்ல கொழுப்பு' குறைவாக இருந்தவர்களோ 72.3 சதவீதம். அதாவது நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் இருப்பது "ஏறிப் போன" கொழுப்பு அல்ல. இருக்க வேண்டியது இல்லாமல் போன கோளாறு. இதைத் திமிர் என்று எப்படிச் சொல்வது?

கொலஸ்ட்ரால் என்றதும் ஏதோ விஷம் என்று நினைத்துவிட வேண்டாம். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் கட்ட அது வேண்டும். பித்த நீர், ஹார்மோன்கள், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் அதுதான் மூலப்பொருள். நாம் சாப்பிடாவிட்டாலும் கல்லீரலே தயாரித்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால் இரத்தம் தண்ணீர் ஜாதி, கொழுப்பு எண்ணெய் ஜாதி. இரண்டும் ஒட்டாது. அதனால் புரத உறை போட்டுப் பொட்டலம் கட்டித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பொட்டலங்களுக்குத்தான் எல்.டி.எல்., எச்.டி.எல். என்று பெயர். எல்.டி.எல். கொழுப்பைச் சுமந்து உடம்பெங்கும் சுற்றும். எச்.டி.எல். மிச்சத்தை வாரிக்கொண்டு கல்லீரலுக்குத் திரும்பும். ட்ரைகிளிசரைடு என்பது இன்னொரு சமாச்சாரம். செலவாகாத சாப்பாட்டை உடம்பு கொழுப்பாக மாற்றி வைக்கிற சேமிப்பு அது.

நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். அரவை பருவத்தில் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? கரும்பு லோடு ஏற்றிய டிராக்டரும் மாட்டு வண்டியும் ரோட்டோரம் வரிசையாக நிற்கும். ஆலைக்குள் கேட் ஒழுங்காகத் திறந்து வாங்கிக்கொண்டே இருந்தால் ரோட்டில் நெரிசல் இல்லை. கேட் குறைந்தால்? லோடு ரோட்டிலேயே நிற்கும், காயும், சரியும், போக்குவரத்தை அடைக்கும். கல்லீரல்தான் ஆலை. எல்.டி.எல். லோடு வண்டி. அந்த வண்டியை உள்ளே இழுக்கும் கேட் கல்லீரல் செல்லின் மேல் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு டாக்டர்கள். 1985ல் இதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். சில குடும்பங்களில் பிறக்கும்போதே கேட் பாதிதான் இருக்கும். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு அப்படி. அவர் பச்சைத் தண்ணீரும் கீரையும் குடித்து வாழ்ந்தாலும் ரோட்டில் லோடு நிற்கத்தான் செய்யும். அவரைப் பார்த்து "தின்ன கொழுப்பு" என்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

இதற்குக் கொடுக்கிற ஸ்டாட்டின் மாத்திரையின் கதையும் சுவையானது. ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி 1970களில் ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளைச் சோதித்து ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 2024 ஜூனில் காலமானார். நம் பத்திரிகைகளில் சின்னப் பெட்டிச் செய்தியாகக்கூட நான் பார்க்கவில்லை. இந்த மாத்திரை கல்லீரலின் சொந்தத் தயாரிப்பைக் குறைக்கும். சொந்தக் கரும்பு குறைந்த ஆலை என்ன செய்யும்? கூடுதல் கேட்டைத் திறந்து ரோட்டில் நிற்பதை உள்ளே இழுக்கும். அவ்வளவுதான் வித்தை.

இப்போது நாம் மெக்கானிக்கல்காரர்கள் கொஞ்சம் பேச வேண்டும். இரத்தக் குழாய் அடைப்பு என்றதும் எல்லாரும் பாய்லர் குழாயில் உப்பு படிவது போல என்று சொல்வார்கள். பாதி உண்மை. குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகும். ஹைட்ராலிக்ஸில் படித்தது நினைவிருக்கிறதா? ஆரத்தின் நாலாவது அடுக்கு! ஆகவே அடைப்பு கூடக்கூட நிலைமை எவ்வளவு வேகமாக மோசமாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இரத்தக் குழாய் ஜி.ஐ. பைப் அல்ல, உயிருள்ள சுவர். எல்.டி.எல். அந்தச் சுவரின் உள்தோலுக்கு அடியில் நுழைகிறது. வெள்ளை அணுக்கள் வந்து அதைத் தின்று, தின்று, நுரை போல ஊதிச் சாகின்றன. மேலே மெல்லிய மூடி உண்டாகிறது. ஒருநாள் அந்த மூடி வெடித்தால் இரத்தம் அங்கேயே உறைந்து குழாயைப் பட்டென்று அடைக்கும். மாரடைப்பு என்பது பெரும்பாலும் இதுதான். அதனால்தான் நேற்றுவரை மூட்டை தூக்கியவர் இன்று காலையில் சாய்ந்துவிடுகிறார். அடைப்பு நாற்பது, ஐம்பது சதவீதமாக இருந்தபோது அவருக்கு ஒரு வலியும் தெரிந்திருக்காது. மொத்தத்தில் இது வலிக்காத வியாதி. வலிக்காத வியாதிக்கு ஏழை டாக்டரிடம் போவானா?

என் அப்பா போகவில்லை.

நாங்கள் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். மலையாளி பழங்குடியினர். (பெயரைக் கேட்டதும் "கேரளாவா?" என்று கேட்காதவர் இந்தப் பாலிடெக்னிக்கில் ஒருவர்கூட இல்லை! கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர் மலையாளி.) எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு வயது 44, எடை 52 கிலோ. சாமை விதைப்பு, மரவள்ளி பிடுங்குவது, அது முடிந்தால் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலை. இதுதான் அவருடைய வருடம். கறி என்பது பண்டிகைக்கும் மாரியம்மன் கூழுக்கும் மட்டும்.

இரண்டு வருடமாக மூட்டை தூக்கினால் நெஞ்சில் "யாரோ கல்லு வச்ச மாதிரி" இருக்கிறது என்பார். கீழே ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். வாயு என்றார்கள். ஊசி போட்டார்கள். மறுபடியும் போனோம், மறுபடியும் வாயு, மறுபடியும் ஊசி. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்து ஒரு ஈ.சி.ஜி. எடுக்கத் தோன்றவில்லை. காரணம் எனக்கு இப்போது புரிகிறது. அவர் ஒல்லி, கறுப்பு, அழுக்கு வேட்டி. "கொழுப்பு" வருகிற ஆள் போல அவர் இல்லை!

கடைசியில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில்தான் ஈ.சி.ஜி. எடுத்து, இரத்தம் எடுத்து, விஷயம் தெரிந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 262. எச்.டி.எல். 34. ட்ரைகிளிசரைடு 310. அப்பா சிரித்தார். "ஏன்டா தம்பி, நான் கறி தின்னு எத்தினி நாளாவுது? எனக்கு எங்கேருந்துடா வந்துச்சு கொழுப்பு?" டாக்டர் சிரிக்கவில்லை. "ஐயா, கொழுப்பு கறியில இருந்து மட்டும் வர்றதில்ல. உங்க கூடப் பிறந்தவங்க யாருக்காவது நெஞ்சு வலி உண்டா?" என்று கேட்டார். அப்போதுதான் பெரியப்பா நினைவு வந்தது. 41 வயதில் காட்டிலேயே விழுந்து இறந்தவர். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று பூசை போட்டு முடித்துவிட்டார்கள்.

அப்பாவைச் சேலத்துக்கு அனுப்பி ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் கைக்காசு போகவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். மூட்டை மட்டும் தூக்கக் கூடாது. மூட்டை தூக்காத கூலிக்காரனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்பதற்கு எந்த டாக்டரிடமும் மாத்திரை இல்லை. அம்மாதான் இப்போது இரண்டு ஆள் வேலை பார்க்கிறார்.

ரிப்போர்ட்டில் எல்.டி.எல். அளவைப் பார்த்தபோது எனக்கு ஒரு வேடிக்கை தெரிந்தது. அது பல லேபில் அளப்பது இல்லை, கணக்குப் போடுவது! 1972ல் ஃப்ரீட்வால்ட் என்பவர் கொடுத்த சூத்திரம். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழி, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழி. 262ல் 34 போக, 62 போக, 166. (ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு ஒத்து வராது, தனியாக அளக்க வேண்டும்.) மாரடைப்பு வரக்கூடிய நிலையில் உள்ளவருக்கு இது 70க்குக் கீழே, சிலருக்கு 55க்குக் கீழே இருக்க வேண்டுமாம். சாதாரண ஆளுக்கு 100. அப்பா எவ்வளவு தூரத்தில் நின்றிருக்கிறார் பாருங்கள்.

சரி, கறி தின்னாதவருக்கு எங்கிருந்து வந்தது? குடும்ப வாகு ஒரு பங்கு. பீடி ஒரு பங்கு. மூன்றாவது சோறு. இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது. என் தாத்தா காலத்தில் மலையில் சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, தினை, மொச்சை, அவரை. அரிசிச் சோறு தீபாவளிக்கு. அது ஏதோ பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் பஞ்சமும் இருந்தது, ஜாகிர்தார் கொடுமையும் இருந்தது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். பசியைத் தீர்த்த அரிசியைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் இப்போது மூன்று வேளையும் அதே வெள்ளைச் சோறு, மேலே ரசம், ஒரு ஊறுகாய். பருப்பும் காயும் மலையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். நடுவில் நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிஞ்சினால் கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடாக மாற்றும்; அது ஏறினால் எச்.டி.எல். இறங்கும். அப்பாவின் 310ம் 34ம் அப்படி வந்தவைதான் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். (இரண்டு சர்க்கரை ஆலை உள்ள ஊரில் உட்கார்ந்து சர்க்கரையைக் குறை என்று எழுதுகிறேன். கரும்பு போட்டவர்கள் மன்னிக்கவும்!)

அப்புறம் எண்ணெய். கடையில் எண்ணெய்ப் பாக்கெட்டைப் பாருங்கள், "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பெரிதாகப் போட்டிருக்கும். செடியிலிருந்து வருகிற எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது நண்பர்களே. அது மிருகங்களின் உடம்பில்தான் உண்டு. "எங்கள் தண்ணீரில் எலும்பு இல்லை" என்று விளம்பரம் செய்வது போல இது! பார்க்க வேண்டியது நிறைகொழுப்பு. அதுதான் எல்.டி.எல்.லை ஏற்றுவது. ரேஷனில் 25 ரூபாய்க்கு வருகிற பாமாயிலில் அது 40 சதவீதத்துக்கு மேல். கடலை எண்ணெயில் 20 சதவீதத்துக்குள், நல்லெண்ணெயில் இன்னும் குறைவு. 2007ல் விலைவாசி ஏறியபோது ஏழை வயிற்றுக்காக ஆரம்பித்த சிறப்பு விநியோகம் அது, நல்ல எண்ணம்தான். ஆனால் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்த எண்ணெய் கப்பலேறிக் கல்வராயன் மலைக்கு வருகிறது. நம் மாவட்டத்துக் கடலையோ விலை போகாமல் கிடக்கிறது. பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெய் கொடு என்று விவசாயிகள் பல வருடமாகக் கேட்கிறார்கள். அவர்கள் வயிற்றுப் பிழைப்புக்குக் கேட்பதை நாம் இதயத்துக்காகவும் சேர்ந்து கேட்கலாம். அதேபோல் 2023ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நம் மலையில் விளையும் சாமையை அரசே வாங்கி நம் மாவட்ட ரேஷனிலேயே போட்டால் என்ன? மலைக்காரனுக்கு விலை, தரைக்காரனுக்குத் தானியம்!

ஹாஸ்டல் நண்பர்களின் கூத்தையும் சொல்லியாக வேண்டும். முட்டையில் கொலஸ்ட்ரால் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மஞ்சள் கருவை எடுத்து வைத்துவிடுவார்கள். அடுத்த பீரியடில் பேக்கரியில் இரண்டு பப்ஸ்! சாப்பிடுகிற கொலஸ்ட்ராலை விட நிறைகொழுப்பும் டால்டா வகையறாவில் உள்ள டிரான்ஸ் கொழுப்பும்தான் பெரும்பாலானவர்களுக்கு அதிகக் கெடுதல். தினம் 300 மில்லிகிராம் என்று போட்டிருந்த கொலஸ்ட்ரால் வரம்பை அமெரிக்காவே 2015ல் தன் உணவு வழிகாட்டியிலிருந்து எடுத்துவிட்டது. ஒரு முட்டை ஒரு ஏழை மாணவனுக்குக் கிடைக்கிற நல்ல புரதம். அதை வீணாக்காதீர்கள். டிரான்ஸ் கொழுப்புக்கு நம் நாட்டில் 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டு பஜ்ஜிக் கடை வாணலியில் காலையிலிருந்து கொதிக்கிற கறுப்பு எண்ணெய்க்குச் சட்டம் படிக்கத் தெரியாது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச 2018லிருந்தே விதி இருக்கிறது. வந்து அளக்கத்தான் ஆள் இல்லை.

சாராயத்தைப் பற்றி எழுதாமல் கள்ளக்குறிச்சிக்காரன் ஒரு கட்டுரையை முடிக்க முடியுமா? 2024 ஜூனில் கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனாலால். அன்று உலகமே நம் ஊரைத் திரும்பிப் பார்த்தது. மலையைப் பற்றி உயர்நீதிமன்றமே தானாக வழக்கு எடுத்துக்கொண்டது. எங்கள் மலைக்கு ரோடு இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று அப்போதுதான் பலர் கேட்டார்கள். ஆனால் மெத்தனால் கலக்காத, சீல் வைத்த, அரசாங்கக் கடைச் சரக்கும் ட்ரைகிளிசரைடை ஏற்றும். அது 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து. 1000த்தைத் தாண்டினால் ஆபத்து மிக அதிகம். இந்தச் சாவுகள் ஒன்று ஒன்றாக, வேறு வேறு தெருவில், வேறு வேறு மாதத்தில் நடப்பதால் எந்தச் சேனலும் வருவதில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. மருதம்பட்டைப் பொடி, பூண்டு லேகியம், ஒரே மாதத்தில் அடைப்பு கரையும் என்று சந்தையில் மைக் வைத்து விற்பவர்கள். பூண்டு குழம்புக்கு நல்லது. மாத்திரைக்கு மாற்று ஆகாது. எங்கள் அப்பாவே மூன்று மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் எண் இறங்கியதும், "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்தப் பார்த்தார். மாத்திரை சாப்பிடுவதால்தானே இறங்கியிருக்கிறது? கேட்டைத் திறந்து வைத்திருக்கிற ஆளை வீட்டுக்கு அனுப்பினால் மறுபடியும் ரோட்டில் லோடு நிற்கும். தசை வலி போல ஏதாவது தொந்தரவு வந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். நாமாக நிறுத்தக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசமாகவே கிடைக்கிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் மலை வீட்டு வாசலுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறது. 2023ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்பு என்று வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாட்டின் என்று முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மலையிலிருந்து கீழே வருவதற்குள் உயிர் போகாமல் இருக்க இது எவ்வளவு பெரிய உதவி என்பது மலை ரோட்டில் ஆம்புலன்ஸில் வந்தவனுக்குத்தான் தெரியும். 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் அடைப்பு வந்த பிறகு கொடுக்கிற மாத்திரை மேலே வந்துவிட்டது. அடைப்பு வருமா என்று பார்க்கிற பரிசோதனை இன்னும் கீழேயே இருக்கிறது! நான் என் தங்கையை மலையில் பரிசோதிக்கக் கேட்டபோது, சர்க்கரை பார்க்கலாம், கொழுப்புக்குக் கீழே போ என்றார்கள். கீழே தனியார் லேபில் 450 ரூபாய் கேட்டார்கள். அது அம்மாவின் ஒரு நாள் கூலிக்கு மேல். போக வர பஸ், ஒரு நாள் வேலை நஷ்டம் தனி. முன்பெல்லாம் 12 மணி நேரம் பட்டினி கிடந்து வர வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. விடியற்காலை முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வருவதற்குள் பாதிப் பேருக்கு மயக்கம் வரும். அந்தத் தொல்லையும் இப்போது பெரும்பாலும் தேவையில்லை என்று ஆகிவிட்டது.

யார் சொன்னது? 2024 ஜூலையில் இந்திய இதயவியல் சங்கம் நம் நாட்டுக்கென்று முதல் முறையாகக் கொழுப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. வயிறு காலியாக இல்லாமலும் பரிசோதிக்கலாம் என்று அதில் இருக்கிறது. அதைவிட முக்கியமான வரி ஒன்று, நம் எல்லோருக்கும் சம்பந்தப்பட்டது: முதல் கொழுப்புப் பரிசோதனையை 18 வயதில் செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் அதற்கும் முன்பே.

பதினெட்டு! ஓட்டுப் போடுகிற வயது, லைசென்ஸ் எடுக்கிற வயது. நாம் இப்போது இருக்கிற வயது. "நமக்கெல்லாம் இப்பவே எதுக்குடா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். தெற்காசியாவில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59. இன்டர்ஹார்ட் என்ற 52 நாட்டு ஆய்வில் தெரிந்த கணக்கு இது. அதே ஆய்வில் புகையும் கோளாறான கொழுப்பும்தான் மாரடைப்புக்கு முதல் இரண்டு காரணங்கள். 53 என்பது சராசரி. அப்படியென்றால் அதற்குக் கீழே எத்தனை பேர்? சுவருக்குள் கொழுப்பு சேர ஆரம்பிப்பது இருபது, முப்பது வருடம் முன்பு. கூட்டிக் கழித்துப் பாருங்கள், நம் வயதில்தான் வந்து நிற்கும்.

நான் பரிசோதித்துக்கொண்டேன். மொத்தம் 214, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு 140. சூத்திரத்தில் போடுங்கள், 148 வரும். டாக்டர் இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் பார்த்துவிட்டு மறுபடி வா என்றார். பஸ் ஸ்டாண்டிலிருந்து காலேஜுக்கு இப்போது நடந்துதான் வருகிறேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் கிடைக்காத இருபது வருட முன்னறிவிப்பு எனக்கு ஒரு சொட்டு இரத்தத்தில் கிடைத்திருக்கிறது. எங்கள் பரம்பரையில் முதன்முதலாகப் படிக்க வந்தவனுக்குப் படிப்பு கொடுத்த முதல் லாபம் டிப்ளமோ சர்டிபிகேட் இல்லை, இந்த ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்ததுதான்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் நம் என்.எஸ்.எஸ். சார்பில் இரத்த தான முகாம் நடத்துகிறோம். நூற்றுக்கணக்கான பேர் வரிசையில் நிற்கிறோம், பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கிக்கொண்டு போகிறோம். அதே ஊசி, அதே கை. கொழுப்புப் பரிசோதனைக்குத் தேவை இன்னும் ஒரு சின்னக் குழாய் இரத்தம், அவ்வளவுதான். லேப் அரசு மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. நம் பேரவைத் தலைவரும் முதல்வர் ஐயாவும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினால், இரத்தம் கொடுக்கிற மாணவர்களுக்கும், எடை குறைவு என்று திருப்பி அனுப்பப்படுகிற மாணவர்களுக்கும் சேர்த்தே பரிசோதித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். திருப்பி அனுப்பப்படுகிறவர்களை விட்டுவிடாதீர்கள். 45 கிலோவுக்குக் கீழே இருக்கிற ஒல்லிப் பையன்களும் பெண்களும்தான் நம் மலையிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமத்திலிருந்தும் வருகிறவர்கள். என் தங்கை பத்தாவது முடித்து அடுத்த வருடம் இங்கே முதலாண்டு சேர வருகிறாள். அவளுக்கு இன்னும் பார்க்கவில்லை.